குடிசைக்குக் கதேக் தானே போனது குறித்து

சாட்சியின் பெயர் நி நெங்கா ரஸ்மினி. வயது நாற்பத்தெட்டு. திருமணம் ஆகாதவர். தொழில், மேல்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியை. படிப்பு, சுரபாயாவில் பல்கலைக்கழகப் பட்டம். விலாசம், கிழக்குத் தெரு, தெலாகசாரி கிராமம், வட பாலி. மேற்படி கிராமத்தின் இடுகாட்டை ஒட்டிய குடிசையில் நி கதேக் சுவித்ரி என்ற பெண் ஊர்ச் சபையால் ஒதுக்கி வைக்கப்பட்டிருப்பதாகச் செய்தி வெளியானது தொடர்பாக, வட்டாரக் காவல் நிலையத்தில் நேரில் ஆஜராகி, விசாரிக்கச் சொல்வதாவது:

நான் மேலே கண்ட விலாசத்தில் பிறந்தது முதல் குடியிருந்து வருகிறேன். படித்த காலம் மட்டும் சுரபாயாவில் இருந்தேன். பெற்றோர் காலமாகிவிட்டார்கள். அதே வளாகத்தில் என் தம்பி இ கெதுத் அர்சானாவும் அவன் மனைவி கதேக்கும் இருக்கிறார்கள். தம்பி கல்தச்சன். எங்கள் ஊர்க் கோயிலுக்குக் கட்டப்பட்டு வந்த புது வாசலில் கல் செதுக்கிக்கொண்டிருந்தான். கதேக் காலைச் சந்தையில் அரிசிப் பலகாரம் விற்பவள். அவர்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம் குழந்தை இல்லை.

சென்ற மழைக்காலம் முடியும் தறுவாயில் கதேக் கர்ப்பமானாள். நான்காம் மாதம் ஊர் சுகாதார நிலையத்துக்கு நானும் தம்பியும் உடன் போனோம். அங்குள்ள செவிலி நி புது லஸ்த்ரியானி வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இதயத் துடிப்பு கேட்கும் கருவியை ஓரிடத்தில் வைத்துக் கேட்டார். அதன் பிறகு இன்னோர் இடத்தில் வைத்துக் கேட்டார். இரட்டை என்று சொன்னார். கதேக் சிரித்தாள். தம்பி சிரிக்கவில்லை. செவிலி, "டவுனுக்குப் போயி ஒரு ஸ்கேன் எடுத்துருங்க. ரெண்டு புள்ளைக்கும் நஞ்சுக்கொடி ஒண்ணா, தனித்தனியான்னு இப்பவே பாத்துட்டா நல்லது. ஒண்ணா இருந்தா அடிக்கடி பாக்கணும்" என்றார். தம்பி, "படத்துல ஆணா பொண்ணான்னு தெரியுமா நர்ஸம்மா?" என்று கேட்டான். இன்னும் இரண்டு மாதம் போனால் தெரியும் என்றார். "அப்ப படமே வேணாம்" என்று சொல்லிவிட்டு அவன் வெளியே போய் வண்டியை எடுத்தான்.

அதிகாரி வேறு தீவைச் சேர்ந்தவர் என்பதால் இதற்கு விளக்கம் கேட்டார். எங்கள் ஊரில் இரட்டையில் ஒன்று ஆணும் மற்றது பெண்ணுமாகப் பிறந்தால் அது ஊருக்கே தீட்டு. அரண்மனையில் அப்படிப் பிறந்தால் சுபம். அரசன் வீட்டுக்கு உரியதைக் குடியானவன் வீடு பெற்றுக்கொண்டது அகம்பாவம் என்று காரணம் சொல்வார்கள். பெற்றோரும் பிள்ளைகளும் இடுகாட்டை ஒட்டிய குடிசையில் மூன்று அமாவாசை கழியும்வரை இருக்க வேண்டும். அதுவரை கோயில்களில் விழா கிடையாது. அதன் பிறகு ஊரைச் சுத்தம் செய்யும் சடங்கு நடக்கும். இதற்குத் தடைச் சட்டம் வந்து வெகுகாலம் ஆகிறது. வேறு பல ஊர்களில் இதைப் பேச்சுக்குக்கூட எடுப்பதில்லை. எங்கள் ஊரில் கடைசியாக நடந்தது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது. ரெனெங் என்ற பெண் தன் கணவரோடும் பிள்ளைகளோடும் குடிசைக்குப் போனார். ஆண் பிள்ளை மழையில் காய்ச்சல் கண்டு அங்கேயே இறந்தது. பெண் பிள்ளை பிழைத்து இப்போது வேறு ஊரில் இருக்கிறாள். ரெனெங் சந்தையில் தேங்காய் எண்ணெய் விற்கிறார். அவர் கடை கதேக்கின் கடைக்கு அடுத்த கடை.

அன்று வீட்டுக்கு வந்த பிறகு நான் தம்பியிடம், சட்டப்படி உங்களை யாரும் எங்கும் அனுப்ப முடியாது என்று சொன்னேன். அவன், "சட்டமா அக்கா வந்து நம்ம வீட்டுப் பொணத்தத் தூக்கும்? ஊருதான் தூக்கணும்" என்றான். அதன் பிறகு நான் புத்தகம் பார்த்து, இரட்டையில் ஆணும் பெண்ணுமாக வருவதற்குச் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் வாய்ப்பு என்று சொன்னேன். அவனுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அவன் தன் உளிகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். "மூணுல ஒண்ணு கையில ஒடையும்னு தெரிஞ்சா நான் மூணையும் தொடமாட்டேன்" என்று சொல்லிவிட்டு, துடைத்ததை மறுபடி துடைத்தான்.

கதேக்கின் எண்ணம் என்ன என்று கேட்கப்பட்டது. அவளுக்கு முதலில் ஸ்கேன் எடுக்கும் ஆசை இருந்தது. சந்தையில் யாரோ ஒருத்தி தன் குழந்தையின் படத்தைக் காட்டியிருந்தாள். ஒரு நாள் அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது, தெற்கே யாருக்கும் நம்மைத் தெரியாத ஊரில் எடுத்துவிடலாம், நான் மட்டும் கேட்டுக்கொள்கிறேன், உனக்குச் சொல்லவில்லை என்று நான் சொன்னேன். அவள் யோசித்துவிட்டு, "உங்க மொகம் தாங்கும் அக்கா. உங்களுக்கு எப்பவும் ஒரே மொகம்தான். நான் அப்பிடி இல்ல. பலகாரத்துல இன்னிக்கு வெல்லம் கம்மியான்னு கேட்டாலே ஆமான்னு தலையாட்டுறவ. நீங்க எம் பக்கம் ஒரு தரம் பரிதாபமா பாத்தாப் போதும், எனக்குத் தெரிஞ்சிடும். எனக்குத் தெரிஞ்சா சந்தைக்கே தெரிஞ்சிடும்" என்றாள். என் முகத்தைப் பற்றி அவள் சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் அவள் முடியாது என்று முடிவாகச் சொல்லவில்லை. அடுத்த மாதம் பார்ப்போம் என்றுதான் சொன்னாள்.

அடுத்த மாதம் ஊர்ச் சபைத் தலைவர் இ நியோமான் சுவாந்தா எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்தார். பல வருடங்களுக்கு ஒரு முறை வரும் எங்கள் கோயிலின் பெருவிழா, கதேக்குக்குப் பேறுகாலம் ஆகும் மாதத்தில்தான் குறிக்கப்பட்டிருந்தது. அவர் காப்பி குடித்து முடிக்கும்வரை புது வாசலைப் பற்றியே பேசினார். தம்பியின் கை வேலையைப் புகழ்ந்தார். அதன் பிறகு, டவுன் ஆஸ்பத்திரியில் ஒரு படம் எடுத்துவிடுங்கள், செலவு சபையுடையது என்றார். அவர், "ரெண்டும் பொண்ணு, இல்ல ரெண்டும் ஆணுன்னு வந்துட்டா நாங்களே பன்னி அறுத்து விருந்து வச்சிடறோம். வேற மாதிரின்னா விழாத் தேதிய இப்பவே தள்ளி வச்சுக்கலாம். வெளியூர்க்காரன் எல்லாம் வந்து நின்ன பெறகு தள்ளி வச்சா அசிங்கம் பாருங்க" என்றார்.

நான் சட்டத்தைப் பற்றிக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "சட்டம் எனக்கும் தெரியும் டீச்சர். இந்தக் காலத்துல யாரையாவது போன்னு சொல்ல முடியுமா? நாங்க யாரையும் அனுப்பமாட்டோம். நாமளே போறது வேற" என்றார். இந்தச் சொற்களை நான் அப்படியே நினைவில் வைத்திருக்கிறேன். அவர் கெட்டவர் அல்ல என்பதையும் பதிவு செய்ய வேண்டும். என் தந்தை இறந்தபோது எல்லா வேலையையும் முன்னின்று செய்தவர் அவர்தான். போகும்போது கதேக்கைப் பார்த்து, "நெறைய சாப்புடு பாப்பா, ரெண்டு பேருக்கு சாப்புடணும். உம் புருசன் பங்கையும் சேத்துச் சாப்புடு, அவன் கல்லத் தின்னுக்கட்டும்" என்றார். அவளும் சிரித்தாள்.

அவர் போன பிறகு தம்பி, "அவுங்களுக்கு வேணும்னா எனக்கு வேணாம். இனிமே இந்த வீட்ல படம்னு யாரும் பேசக்கூடாது" என்றான். கதேக் வாழைப்பழத் தோலை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஊர்ச் சபை கேட்டிருக்காவிட்டால் கதேக் ஸ்கேனுக்குப் போயிருப்பாளா என்று அதிகாரி கேட்டார். அது எனக்குத் தெரியாது. போயிருக்கலாம் என்றுதான் சொல்ல முடியும்.

அதன் பிறகு ஏழாம் மாதத் தொடக்கத்தில் ஒரு காலை, நான் பள்ளிக்குப் போகும் வழியில், ஆட்கள் சிலர் இடுகாட்டுச் சந்தில் மூங்கில் சுமந்து போவதைப் பார்த்தேன். மாலையில் திரும்பும்போது நான்கு கால் நட்டிருந்தார்கள். சுவாந்தா அங்கே நின்றிருந்தார். எதற்கு என்று கேட்டேன். "மழைக்கு முன்னாடிதானே டீச்சர் கூரை போடணும்? தேவப்படலன்னா பிரிச்சுப் போட்டுட்டுப் போறோம்" என்றார். அவர் மேலே காட்டி, "ரெனெங் காலத்துல ஒழுகிருச்சு. தப்புதான். இப்ப புல்லு ரெண்டு மடங்கு போடறோம். சொட்டுகூட எறங்காது" என்றார். அவர் அதை எங்களுக்குச் செய்யும் நல்லதாக நினைத்தே சொன்னார். நான் வீட்டில் இதைச் சொல்லவில்லை. ஆனால் மூங்கில் வெட்டும் சத்தம் கோயில் வாசலில் வேலை செய்துகொண்டிருந்த தம்பிக்குக் கேட்டிருக்கிறது.

அந்த மாதத்திலேயே கதேக்கின் வயிறு திடீரென்று பெரிதாகியது. தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டது. அவளால் படுக்க முடியவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி மூச்சு வாங்கினாள். செவிலி வீட்டுக்கு வந்து பார்த்தார். இவ்வளவு நாள் பொறுமையாகப் பேசியவர் அன்று குரலை உயர்த்தினார். நஞ்சு ஒன்றாக இருந்தால் ஒரு குழந்தையிடமிருந்து மற்றதற்கு ரத்தம் போய்விடும், ஒன்று வற்றும், ஒன்று வீங்கும், நேரத்தில் கண்டுபிடித்தால் பெரிய ஆஸ்பத்திரியில் ஏதாவது செய்யப் பார்க்கலாம் என்றார். தம்பி வழக்கம்போல் ஆணா பெண்ணா என்றே கேட்டான். அதற்கு அவர், "முழுசாக் கேளு தம்பி. நஞ்சு ஒண்ணா இருந்தா ரெண்டும் ஒரே பாலாத்தான் இருக்கும். ரெண்டும் ஆணு, இல்ல ரெண்டும் பொண்ணு. அப்ப நீ பயப்படறது இல்லவே இல்ல. ஆனா அத உள்ள பாத்தாத்தான் தெரியும். பாக்கமாட்டேங்கிறியே" என்றார்.

நான் கணிதம் படித்தவள். இதை நான் யோசித்திருக்கவில்லை. தம்பி செவிலியையும் கதேக்கையும் மாறி மாறிப் பார்த்தான். அதன் பிறகு கதேக்தான், "போலாம் அக்கா" என்றாள். அந்த வருடத்தில் அவள் முகத்தில் நான் நிம்மதியைப் பார்த்தது அந்த ஒரு மாலைதான். தம்பி இரண்டு தேங்காயை உரித்து, மட்டையைச் சீவி, அடுக்களை மேடையில் வைத்தான். பிறந்த பிள்ளையின் நஞ்சைக் கழுவித் தேங்காய் ஓட்டுக்குள் வைத்து, வெள்ளைத் துணி சுற்றி வீட்டு வாசலில் புதைப்பது எங்கள் வழக்கம். ஆண் என்றால் வலப்பக்கம், பெண் என்றால் இடப்பக்கம். பிள்ளைக்கு ஒரு நஞ்சு, நஞ்சுக்கு ஒரு தேங்காய் என்று கணக்கு. ஒரே நஞ்சாக இருக்கலாம் என்று அப்போதுதான் கேட்டிருந்தும், அவன் இரண்டு தேங்காய் வைத்தான். அவன் என்ன நினைத்து வைத்தான் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் காலை ஊரில் ஒருவருடைய வண்டியை அமர்த்தி நானும் கதேக்கும் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். தம்பி, தான் வந்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று வரவில்லை. ஆணா பெண்ணா என்று சொல்ல வேண்டாம், நஞ்சை மட்டும் பார்த்துச் சொல்லவும் என்று செவிலி எழுதிக் கொடுத்திருந்தார். பெயர் பதியும் மேசையில் இருந்த இளைஞர் எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்தார். அவர் சுவாந்தாவின் அக்கா மகன். அங்கே வேலை செய்கிறார் என்பது எனக்கு அதுவரை தெரியாது. "வாங்க டீச்சர். மாமா போன் பண்ணிட்டாரு, நீங்க வர்றீங்கன்னு. வரிசையில எல்லாம் நிக்க வேணாம், உள்ள சொல்லி வச்சிருக்கேன். படம் வந்த ஒடனே போன்ல ஒண்ணு எடுத்து அனுப்பச் சொல்லியிருக்காரு" என்றார். வண்டிக்காரர் சொல்லியிருக்க வேண்டும் என்று பிறகு ஊகித்தேன். அந்த இளைஞர் எங்களுக்கு உதவுவதாகத்தான் நினைத்தார். உட்காரச் சொல்லி நாற்காலியைத் துடைத்துக்கூடப் போட்டார்.

கதேக் அவரிடம் கழிப்பறை எங்கே என்று கேட்டுவிட்டுப் போனாள். வெகுநேரம் வரவில்லை. நான் தேடிப் போனபோது வண்டிக்குள் உட்கார்ந்திருந்தாள். "வீட்டுக்குப் போலாம்" என்றாள். ஒரே நஞ்சாக இருந்தால் பயமில்லை என்று நேற்றுதானே கேட்டாய் என்றேன். "இல்லாம இருந்தா?" என்றாள். தெற்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு இப்போதே போகலாம் என்றேன். மலைப் பாதையில் அவ்வளவு தூரம் உட்கார முடியாது என்றாள். திரும்பும் வழியில் ஒரு முறை, "எல்லாரும் எவ்ளோ நல்லவங்களா இருக்காங்க அக்கா" என்றாள்.

வீடு திரும்பியதும் நான் தெற்கே ஒரு மருத்துவரிடம் பேசி நேரம் வாங்கினேன். வேற்றூர் வண்டி ஒன்றையும் ஏற்பாடு செய்தேன். அந்த வண்டி ஒரு நாள் கழித்துத்தான் கிடைக்கும் என்றார்கள். அது வருவதாக இருந்த அன்று காலை கதேக்குக்கு வலி கண்டது. சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனோம். செவிலி ஆம்புலன்ஸுக்குச் சொல்லி அனுப்பினார். அது வருவதற்குள் முதல் குழந்தை பிறந்தது. பெண். மிகச் சிறியதாக, வெள்ளைத் துணியைவிட வெளுப்பாக இருந்தது. அழவில்லை. அதன் பிறகு இரண்டாவது பிறந்தது. அதுவும் பெண். அது சிவந்து வீங்கியிருந்தது. ஒரு முறை அழுதது. அந்தச் சத்தம் வெளியே நின்ற தம்பிக்குக் கேட்டு, அவன் ஓடிவந்து கதவைத் தட்டி, "என்ன? என்ன?" என்றான். செவிலி, "ரெண்டும் பொண்ணு" என்றார். அவன் கதவின் மறுபுறம் தரையில் உட்கார்ந்து சிரித்தான். நாங்கள் உள்ளிருந்து அதைக் கேட்டோம். கதேக்கும் கேட்டாள்.

அதன் பிறகு ஆம்புலன்ஸ் வந்தது. கதேக்குக்குப் பக்கத்தில் உதவியாளரை விட்டுவிட்டு, செவிலியும் நானும் உயிரோடு இருந்த இரண்டாவது குழந்தையோடு ஏறினோம். செவிலி தன் இரண்டு விரலைக் குழந்தையின் மார்பில் வைத்து விடாமல் அழுத்திக்கொண்டே வந்தார். வண்டி சந்தையைத் தாண்டும்போது விரலை எடுத்துவிட்டார். ஓட்டுநரிடம் சைரன் சத்தத்தை நிறுத்தச் சொன்னார்.

நாங்கள் சுகாதார நிலையத்துக்குத் திரும்பி வந்தபோது தம்பி இரண்டு தேங்காயையும் கொண்டுவந்து மடியில் வைத்திருந்தான். செவிலி உள்ளே போய், நஞ்சு வைத்திருந்த சட்டியைக் கொண்டுவந்து அவன் முன் வைத்தார். அவன் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, "இன்னொண்ணு?" என்றான். "ஒண்ணுதான் தம்பி." "புள்ளைங்க ரெண்டு." "ரெண்டுக்கும் சேத்து ஒண்ணு" என்றார் செவிலி. "அப்ப ஆரம்பத்துலேர்ந்தே..." என்றான். அவர் தலையை ஆட்டினார். அவன் ஒரு தேங்காயைப் பிளந்தான். மற்றதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டான். நஞ்சை வீட்டு வாசலின் இடப்பக்கம் புதைத்துக் கல் வைத்து விளக்கு ஏற்றினான். இரண்டாவது தேங்காய் அடுக்களை மேடையில் திரும்ப வைக்கப்பட்டது. நேற்றும் அது அங்கேதான் இருந்தது.

குழந்தைகள் அன்று மாலையே அடக்கம் செய்யப்பட்டன. பச்சிளம் குழந்தைகளுக்குத் தகனம் இல்லை. ஊர்ச் சபை ஆட்கள் எல்லோரும் வந்தார்கள். குழி வெட்டியவர்களில் குடிசைக்கு மூங்கில் சுமந்தவர்களும் இருந்தார்கள். சுவாந்தா என்னிடம் வந்து, "ரெண்டும் பொண்ணுன்னு மட்டும் தெரிஞ்சிருந்தா டீச்சர்..." என்று தொடங்கி, முடிக்காமல் போய்விட்டார். குடிசை குழியிலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை. அதைப் பிரிக்க வேண்டும் என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை. விழா வேலை இருந்ததால் பிறகும் பிரிக்கவில்லை.

கதேக் எழுந்து நடமாடத் தொடங்கியதும் தினமும் இடுகாட்டுக்குப் போய் வந்தாள். ஒரு நாள் போனவள் திரும்பி வரவில்லை. நான் போய்ப் பார்த்தபோது குடிசைக்குள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது. "வீட்ல இருந்தா பால் கட்டிக்கிட்டு வலிக்குது. இங்க வந்தா வலி கொறையுது" என்றாள். அதன் பிறகு, "எவ்ளோ நல்லா கட்டியிருக்காங்க பாருங்க. சும்மா கெடக்குது" என்றாள். தம்பி வந்து கூப்பிட்டான், கையைப் பிடித்து இழுத்தான், பிறகு அவளோடு ஓர் இரவு அங்கேயே இருந்தான். அவள் வரவில்லை. ரெனெங் ஒரு பாயும் எண்ணெயும் கொண்டுவந்து வைத்தார். கூரையை அண்ணாந்து பார்த்து, "என் காலத்துல இப்பிடிப் போட்டிருந்தா எம் மவன் இருந்திருப்பான்" என்று சொல்லிவிட்டுச் சந்தைக்குப் போனார்.

சுவாந்தா பெரியவர்கள் இருவரோடு வந்து, அவளை வீட்டுக்குப் போகும்படி கேட்டுக்கொண்டார். நான் அப்போது சோறு கொண்டுபோயிருந்தேன். "பாப்பா, உம் மேல ஒரு தோஷமும் இல்ல. பொண்ணு ரெண்டும். உன்னைய யாரும் எதுவும் சொல்லல. எழுந்து வீட்டுக்குப் போம்மா, பாக்கறவங்க எங்களத் தப்பா நெனப்பாங்க" என்றார். கதேக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே, "என்னைய யாரும் அனுப்பலயே தலைவரே. நானேதான் வந்தேன். நாமளே போறது வேறன்னு நீங்கதானே எங்க வீட்ல ஒக்காந்து சொன்னீங்க" என்றாள். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். கதேக் சாப்பிடத் தொடங்கினாள்.

பெருவிழா குறித்த தேதியில் நடந்தது. கோயில் வாசலின் இடப்பக்கத்தைத் தம்பி முடிக்கவில்லை, வேறொருவர் முடித்தார். கடலுக்குப் போகும் ஊர்வலம் இடுகாட்டுச் சந்தின் முனையைக் கடந்தபோது, கதேக் குடிசை வாசலில் நின்று பார்த்தாள். வெளியூரிலிருந்து வந்த யாரோ அதைப் படம் எடுத்து, இரட்டை பெற்றதால் ஒதுக்கப்பட்ட தாய் என்று போட்டிருக்கிறார்கள். செய்தி அப்படித்தான் வந்தது.

நேற்று தம்பி என்னிடம், "அனுப்புனாங்கன்னு சொல்லுக்கா. ஒரே ஒரு வார்த்தைதான். நீ படிச்சவ, நீ சொன்னா எழுதிப்பாங்க. சுவாந்தாவும் கொஞ்ச நாள் உள்ள போயி ஒக்காந்து பாக்கட்டும்" என்று கேட்டான். அது பொய் என்றேன். "அப்ப எது நெசம்? அதச் சொல்லு, அதையே எழுதச் சொல்லு" என்றான். அவன் அடுக்களைக்குப் போய்த் தேங்காயை எடுத்துப் பார்த்துவிட்டு, அதே இடத்தில் வைத்தான். அதன் பிறகு என்னோடு பேசவில்லை.

கதேக்கை யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று அதிகாரி கேட்டார். இல்லை. யாராவது மிரட்டினார்களா என்று கேட்டார். இல்லை. ஊர்ச் சபை தீர்மானம் ஏதாவது போட்டதா என்று கேட்டார். எனக்குத் தெரிந்து இல்லை. அப்படியானால் வழக்குக்கு இடமில்லை என்றார். குடிசையை யார், எப்போது கட்டினார்கள் என்று என்னைக் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன்: ஊர்ச் சபை கட்டியது, குழந்தைகள் பிறப்பதற்கு முன்பு, அவை ஆணா பெண்ணா என்று யாருக்கும் தெரியாதபோது. இதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன்.

கதேக் எப்போது வீடு திரும்புவாள் என்று கேட்கப்பட்டது. இன்று காலை சோறு கொடுக்கப் போனபோது நானும் அதையே கேட்டேன். குழந்தைகள் இறந்தபின் மூன்றாவது அமாவாசை இந்த வாரம் கழிகிறது. ரெனெங் அது கழிந்தபின் வந்துவிட்டார் என்று நினைவூட்டினேன். கதேக், "அவுங்கள அனுப்புனாங்க அக்கா. அதனால திரும்பக் கூப்புட ஆள் இருந்துச்சு. என்னைய யாரு கூப்புடணும்?" என்றாள். வீட்டுக்கு வா என்று நான் அப்போதே சொன்னேன். அவள் பாத்திரத்தைக் கழுவி என் கையில் கொடுத்தாள்.

மேலே உள்ளவை நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்டு, எனக்குப் படித்துக் காட்டப்பட்டன. நான் பார்த்ததையும் என் காதால் கேட்டதையும் தவிர, ஊகமாகச் சொன்ன இடங்களில் ஊகம் என்றே சொல்லியிருக்கிறேன். யாருடைய கட்டாயமும் இல்லாமல் நானாகவே வந்து இதைக் கொடுத்தேன் என்ற வரியை வாசித்துவிட்டு, அதிகாரி சரிதானே என்று கேட்டார். நானாகவே நடந்து வந்தேன் என்பது சரி. இங்கே வரச் சொல்லி என் பள்ளிக்கு ஆள் வந்திருந்தது என்பதும் சரி. இரண்டையும் அடுத்தடுத்து எழுதும்படி சொன்னேன். எழுதிய பிறகு கையெழுத்திட்டேன்.

(ஒப்பம்)
நி நெங்கா ரஸ்மினி